கற்பிட்டிக் கரையில் பங்கும் பங்காளியும்

இலங்கையின் வடமேற்குக் கரையோரத்தில், பாலாவிச் சந்தியிற் பெருந்தெருவை விட்டுப் பிரியும் பாதை, தென்னந்தோட்டங்களையும் மணற்பரப்புக்களையும் ஊடறுத்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே சென்று கற்பிட்டி நகரில் முடிகின்றது. பாதையின் மேற்கே கடல். கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய புத்தளம் களப்பு. நுரைச்சோலை, தலவில, கண்டக்குழி முதலிய ஊர்கள் இந்நீண்ட மணற்குடாவிலேயே அமைந்துள்ளன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், தமிழரும் சிங்களவருமான கத்தோலிக்கரும், இந்துக்களும் இங்கு அயலவராய் வாழ்கின்றனர். கடல், களப்பு, மண் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த ஒரு பிரதேசத்தில் வறுமை ஏன் நிலைகொண்டது என்ற வினாவுக்கு இயற்கையைக் குறைகூறி விடையிறுத்தல் இயலாது. விளைந்த பொருள் எவ்வாறு பங்கிடப்பட்டது, அப்பங்குக்கு உரியவர் யாரெனக் கொள்ளப்பட்டது என்பனவே இங்கு நோக்கற்பாலன. கற்பிட்டி மக்கள் ஒருவரோடொருவர் கூடி வறுமையை எதிர்த்த வரலாறு, இவ்விரண்டு வினாக்களையும் சுற்றியே அமைந்துள்ளது எனலாம்.

கற்பிட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குவர். ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676 ஆம் ஆண்டில் முடித்த அக்கோட்டை, களப்பின் வாயிலைக் காவல் செய்தது. கண்டி அரசுக்குப் புத்தளத்தினூடாக இருந்த கடல்வழி வணிகத்தைத் தம் பிடியில் வைத்திருப்பதே ஒல்லாந்தரின் நோக்கமாயிருந்தது. கோட்டைச் சுவரின் நிழலில் வாழ்ந்த மீனவனுக்கும் சிறு வணிகனுக்கும் அதனாற் கிடைத்த ஆக்கம் சிறிதே. 1795 ஆம் ஆண்டிற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்குமான ஊர் விவரத் தொகுப்பொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூராக்' என்ற நூலின் ஆசிரியரும் இவரே. நாடு முழுவதற்கும் விவரம் தொகுத்த ஒருவரைத் தந்த ஊர், பின்வந்த பொருளாதார மாற்றங்களில் ஓரமாய் ஒதுக்கப்பட்டமை ஒரு முரண்நிலையே. 1926 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டியது. களப்புக்கு அப்பாலிருந்த கற்பிட்டியோ நெடுந்தூரப் பாதையொன்றின் முடிவிடமாயிற்று.

கோட்டையையும் புகையிரதத்தையும் விடுத்துக் கரைக்கு வந்தால், கூட்டு வாழ்வின் உண்மையான தொடக்கத்தை அங்கே காணலாம். கரைவலை என்பது தனியொருவன் இழுக்கக்கூடிய வலையன்று. தோணி வலையைச் சுமந்து கடலில் அரைவட்டமாய்ச் சென்று திரும்ப, கரையில் நிற்போர் இரு அணிகளாய்ப் பிரிந்து கயிற்றை இழுப்பர். மடி கரையேறும்வரை ஒருவர் தளர்ந்தாலும் மற்றவர் உழைப்பும் வீணாகும். வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை, உழைப்பு இழுப்போருடையது. செலவு கழித்து எஞ்சிய வருவாய் வலைக்கென ஒரு பங்காகவும் உழைப்புக்கென ஒரு பங்காகவும் பிரிக்கப்பட்டது. மீன் பட்டால் எல்லோர்க்கும். படாவிடின் எவர்க்கும் இல்லை. நாட்கூலியிலிருந்து பங்கு முறை வேறுபடும் இடம் இதுவே.

இதனிலும் நுட்பமானது 'பாடு' எனப்படும் முறையாகும். வலை வளைப்பதற்கு ஏற்ற கரைகள் சில; வலைகளோ பல. முந்தியவன் வளைத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் கரை முழுவதும் சண்டைக்களமாகும். ஆதலின் வலைகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கின. இன்று நல்ல பாடு ஒருவனுக்கெனின் நாளை மற்றவனுக்கு. இவ்வழக்கத்தைச் சட்டம் பிற்காலத்திலேயே ஏற்றுக்கொண்டது. 1984 ஆம் ஆண்டின் கரைவலை ஒழுங்குவிதிகள் கரையில் ஏற்கெனவே நிலவிய நடைமுறைக்கு அரச முத்திரை வைத்தன என்று கூறுவது பொருந்தும். இதே கரையோரத்தில் தெற்கே நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. அங்கே களப்பின் வாயிலிற் கட்டப்படும் வலைகளுக்கான இடங்கள் நான்கு மீனவர் சங்கங்களிடையே பகிரப்பட்டு, திருவுளச்சீட்டு மூலம் உறுப்பினர்க்கு ஒதுக்கப்படுகின்றன. அதிர்ஷ்டத்தையும் நீதியையும் ஒரே குடத்திலிட்டுக் குலுக்கும் இம்முறையை ஆய்வாளர் பலர் வியந்துள்ளனர்.

ஆயினும் வியப்போடு நிறுத்திக்கொள்வது தகாது. பாடு முறையில் ஒரு மறுபக்கம் உண்டு. முறை என்பது உறுப்பினர்க்கே உரியது. நீர்கொழும்பிற் பரம்பரை உரிமையற்ற எவரும் அக்குலுக்கலிற் பங்குகொள்ள முடியாது. பங்கை நீதியாக வகுக்கும் சமூகம், பங்காளி யார் என்பதையும் அதே உறுதியோடு வகுத்துவிடுகின்றது. உள்ளே இருப்பவனுக்குப் பாதுகாப்பாக அமையும் வேலி, வெளியே நிற்பவனுக்குத் தடையாகின்றது. கற்பிட்டியின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை இன்றியமையாதது.

பங்கு முறை உழைப்பாளியைப் பட்டினியிலிருந்து காத்ததேயன்றிக் கடனிலிருந்து காக்கவில்லை. மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மீனவன் சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ முன்பணம் பெற்றான்; பெற்றவன் அடுத்த பருவத்தில் அவருக்கே உழைக்கவும், அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கவும் கட்டுண்டான். கொழும்புச் சந்தை தொலைவிலிருந்தது. பனிக்கட்டியும் வாகனமும் வைத்திருந்தவரே விலையைத் தீர்மானித்தார். விற்காத மீன் கருவாடாயிற்று. அதன் விலையும் வேறிடத்திலேயே நிர்ணயிக்கப்பட்டது. சுருங்கக்கூறின், கடலில் இருந்த கூட்டுறவு கரையேறியதும் கலைந்துவிட்டது.

இந்நிலையை மாற்றும் கருவியாகவே கூட்டுறவுச் சங்கங்கள் கருதப்பட்டன. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இலங்கையில் இவ்வியக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. 1930 ஆம் ஆண்டில் கூட்டுறவுக்கெனத் தனித் திணைக்களம் உருவாயிற்று. மீன்பிடித் துறையில் 1950களின் பிற்பகுதி முதல் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவலாயின. அரசு தவணைக் கட்டண அடிப்படையிற் படகுகளை வழங்கியது. மீன்பிடி பெருகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் முப்பது பேர் இழுத்த வலைக்குப் பதிலாக மூவர் செல்லும் படகு வந்தபோது, படகு பெற்றவன் முன்னேறினான். கயிறு பிடித்தவன் எங்கு செல்வான் என்பதற்குத் திட்டத்தில் இடமிருக்கவில்லை. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1978 ஆம் ஆண்டு முதல் நாடளாவிய நிலையிற் புத்துயிர் பெற்றன. எனினும் கரையோரப் பெண்கள் தமக்குள் நடத்திவந்த சீட்டும், பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் சார்ந்தியங்கிய மரண உதவிச் சங்கங்களும் எந்தச் சட்டத்துக்கும் முற்பட்டவை. பதிவேட்டில் இடம்பெறாத இத்தகைய அமைப்புக்களை வரலாற்றாசிரியர் எளிதிற் கடந்துசென்றுவிடுகின்றனர். ஆனால் 1990 ஆம் ஆண்டில் கற்பிட்டி எதிர்நோக்கிய பெருஞ்சோதனையில் முதலில் இயங்கியவை இவையே.

1990 யூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 மக்கள் சில நாட்களுள் அகற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகை, பணம், காணி உறுதி முதலியவை பறிக்கப்பட்டன. தமிழ் பேசிய ஒரு மக்கட்கூட்டம் தமிழின் பெயராற் போராடியோராலேயே வேரோடு பிடுங்கப்பட்ட நிகழ்ச்சி இது; தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் இதனை மழுப்பி எழுதுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே வந்தனர். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் 80 கிலோமீற்றருக்குக் குறையாத கடலைப் படகுகளிற் கடந்து அவர்கள் இறங்கிய கரை கற்பிட்டியாகும். கரையிலிருந்தோர் செல்வர் அல்லர். அன்றன்று உழைத்து அன்றன்று உண்போரே பலர். ஆயினும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. உலை பொதுவில் வைக்கப்பட்டது. வீட்டு முற்றங்களிலும் தென்னந்தோட்டங்களிலும் ஓலைக் குடில்கள் எழுந்தன. அரச நிவாரணம் ஒழுங்குபட முன்னரே இவையனைத்தும் நிகழ்ந்தன. வட மாகாண முஸ்லிம்களின் இடப்பெயர்வை நீண்டகாலம் ஆராய்ந்த புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தாமே எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். அவருடைய எழுத்துக்களும், 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கள் ஆணைக்குழு அறிக்கையும் இந்நாட்களை அறிய உதவுகின்றன.

கரைவலையின் மொழியிற் கூறுவதாயின், கற்பிட்டி மக்கள் அன்று பங்காளி யார் என்ற பழைய வரம்பைத் தாமே அழித்தனர். சமயமும் மொழியும் ஒன்றாயிருந்தமை இதற்குத் துணைசெய்தது. மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடையே முன்னரேயிருந்த வணிகத் தொடர்பும் திருமண உறவும் துணைசெய்தன. இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி அச்செயலின் பெருமையைக் குறைத்துவிடுதலும் ஆகாது. உறவினர்க்கு ஒருவேளை உணவளிப்பது வேறு. ஊரின் கிணற்றையும் வகுப்பறையையும் மலசலகூடத்தையும் முடிவு தெரியாத காலத்துக்குப் பகிர்ந்துகொள்வது வேறு.

சில வாரங்களிற் திரும்பிவிடலாம் என எண்ணியே அம்மக்கள் வந்தனர். வாரங்கள் ஆண்டுகளாயின. இருபதாண்டுகள் சென்றன. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வனாத்தவில்லு ஆகிய நான்கு பிரதேசங்களிற் குவிந்த இடம்பெயர்ந்தோர் தொகை 2000களில் 60,000-ஐத் தாண்டியிருந்தது. விருந்தோம்பலுக்கு எல்லை உண்டு என்பதை இக்காலம் காட்டியது. உலருணவு நிவாரணம் அகதி அட்டை உடையவர்க்கே வழங்கப்பட்டது. அருகிலேயே அதே ஓலைக் குடிசையில், அதே பசியோடு வாழ்ந்த உள்ளூர்க் குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. மறுபுறம், நிவாரணம் பெற்றவன் குறைந்த கூலிக்கும் வேலைசெய்ய முடிந்தது. ஆகவே வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலி உயராது நின்றது. பாடசாலைகளில் இடநெருக்கடி, உத்தியோகத்தில் போட்டி, வாக்காளர் இடாப்பு பற்றிய சந்தேகம் என ஒவ்வொன்றாகக் கசப்புச் சேர்ந்தது. 'அகதி' என்ற சொல் முதலில் இரக்கத்தின் சொல்லாயிருந்து, பின்னர் வசைச்சொல்லாயிற்று. புத்தளத்திற் களஆய்வு செய்து 2008 ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்ட நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்ரின் புருன், வந்தோரும் வரவேற்றோரும் இவ்வாறு இருவேறு சமூகத் தரங்களாகப் பிரிந்தமையை விரிவாக எடுத்துரைக்கின்றார். மக்களைப் பிரித்ததில் நிவாரண முறைக்கே பெரும் பங்குண்டு எனக் கொள்வதில் தவறில்லை. ஒரே கரையில் இருவருக்கு இரண்டு வேறு கணக்கு எழுதினால், பாடு எவ்வாறு நிலைக்கும்?

இப்பிரிவினையைக் கடக்க முயன்ற வழிகளுட் காணி கொள்வனவு குறிப்பிடத்தக்கது. 1990களின் நடுப்பகுதி முதல், முகாம் வாழ்வை விட்டு நிரந்தரக் குடியிருப்புக்குச் செல்ல விரும்பிய குடும்பங்கள், ஒரே ஊராரோடு இணைந்து தென்னந்தோட்டங்களை விலைக்கு வாங்கிச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டன. தனியொரு குடும்பத்தால் வாங்க முடியாத நிலத்தை ஊர் சேர்ந்து வாங்கியது. விற்றவர் உள்ளூரவர், வாங்கியவர் வந்தவர், இருவருக்கும் இது தேவையான வணிகமாயிருந்தது. பாலாவிக்கு அண்மையிலுள்ள நாகவில்லில் எருக்கலம்பிட்டியின் பெயரைத் தாங்கிய பாடசாலையே அமைந்தது. ஊர் பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் பெயர்ந்தது எனலாம். 2007 ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், இடம்பெயர்ந்தோரோடு உள்ளூர் வறியவரையும் ஓரளவு உள்ளடக்கியது. பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்கவேண்டியது அது.

கடலிலும் களப்பிலும் புதியவர்க்கு இடம்பெறுதல் எளிதாயிருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே பாடும் சங்கமும் இருந்தன. அதனாற் பெரும்பாலோரின் உழைப்பு மண்ணை நோக்கித் திரும்பியது. இங்குள்ள மண் பயிர்ச்செய்கைக்கு ஏற்றதெனப் பார்த்தவுடன் எவரும் கூறார். ஆனால் அம்மணலின் கீழே, உவர்நீரின்மேல் மிதப்பதுபோல மழைநீர் ஒரு நன்னீர்ப் படையாகத் தேங்கி நிற்கின்றது. சில அடி தோண்டினாலே கிணறு சுரக்கும். சின்னவெங்காயம், மிளகாய், பீற்றூட், புகையிலை, மரக்கறி எனப் பருவத்துக்குப் பருவம் பயிர் மாறும் செறிவான வேளாண்மை இங்கு வளர்ந்தது. உள்ளூரவரின் நிலமும் கிணறும், வந்தோரின் உழைப்பும் சேர்ந்து மணலைத் தோட்டமாக்கின. தோட்டமுடையவன் செழித்த அளவுக்குத் தோட்டத்திற் குனிந்து நின்ற பெண்ணின் கூலி செழித்ததா என்பது வேறு வினா. ஆயினும் கற்பிட்டி வெங்காயம் தம்புள்ளைச் சந்தை வரை அறியப்பட்டமை இக்கூட்டுழைப்பின் பயனே.

களப்பின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1980களில் புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பரவின. கண்டற் காடுகள் வெட்டப்பட்டு அவ்விடங்களிற் குளங்கள் தோண்டப்பட்டன. மீன்குஞ்சு பெருகும் தொட்டிலாயிருந்த காடு அழிந்தபின், 1990களில் வெண்புள்ளி நோய் பண்ணைகளையும் அழித்தது. இலாபம் வெளியாரோடு சென்றது. கைவிடப்பட்ட குளங்கள் ஊரவர்க்கு எஞ்சின. சிலாபத்தை அண்டிய பம்பலையிலிருந்து இயங்கிய சிறு மீனவர் சம்மேளனம், கண்டல்களை மீள நாட்டுவதைப் பெண்களுக்கான சிறுகடனோடு இணைத்தது. கடன் பெற்ற பெண்கள் தத்தம் ஊர்க் கண்டற் காட்டுக்குக் காவலாயினர். 2015 ஆம் ஆண்டில் இம்முயற்சி நாடளாவிய திட்டமாக விரிந்தது. களப்பு மீன்பிடியிலும், 2009 முதல் 2013 வரை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் நடத்திய வாழ்வாதாரத் திட்டத்தின்கீழ், மீனவர் சங்கங்களும் திணைக்களமும் சேர்ந்து முகாமை செய்யும் முறை முன்வைக்கப்பட்டது. பழைய பாடு முறையின் கருத்து, புதிய நிருவாக மொழியில் மீண்டும் வந்ததாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. 2011 ஆம் ஆண்டில் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் முழு வலு 900 மெகாவாற். கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலாத் தலமாக்கும் திட்டத்துக்குக் காணிகள் ஒதுக்கப்பட்டபோது, வாடியும் கரையும் பறிபோகும் என மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அபிவிருத்தி என்ற பெயரில் வந்த இவை எவற்றிலும் பங்கு வகுப்பது பற்றிக் கரையிலிருந்தோரிடம் முதலிற் கேட்கப்படவில்லை என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரம்.

மன்னாருக்குத் திரும்பியோர் தம் வீடுகளைக் காடு மூடியிருக்கக் கண்டனர். பலர் திரும்பினர், பலர் தங்கினர், இரு கரையிலும் வீடு வைத்து இடையே பயணஞ் செய்யும் குடும்பங்களும் பல. 1990 ஆம் ஆண்டிற்குப் பின் கற்பிட்டியிற் பிறந்த பிள்ளைக்கு மன்னார் பெற்றோரின் ஊர். தங்கியோரும் உள்ளூரவரும் இன்று ஒரே நன்னீர்ப் படையிலிருந்தே நீர் இறைக்கின்றனர். பசளை மிகுந்த தோட்டங்களையடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர்நீர் மேலெழுகின்றது. ஒருவன் தோட்டத்திலிட்ட பசளை அயலவன் குடத்தில் வந்து சேர்கின்றது. அவன் உள்ளூரவனா, வந்தவனா என்ற பேதம் மணலுக்கு இல்லை. கரைவலைக்கு இருந்ததுபோன்ற முறை, கிணற்று நீருக்கு இக்கரையில் ஒருபோதும் வகுக்கப்பட்டதில்லை.